ஓரகத்தியின் இடுப்பு

உபெர்லிந்தாவின் படம் சுகாதார நிலையத்துச் சுவரில் ஏறிய வாரம் மழை விடவே இல்லை.

எர்சிரா வலி மாத்திரைக்காக இறங்கி வந்திருந்தாள். மேட்டு வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒரே இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் அவளைக் கொன்றது. வலது இடுப்பில் எலும்பும் எலும்பும் உரசின. பெஞ்சில் உட்கார்ந்து, தலைத்துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ஓரகத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆளுயரப் படம். பின்னால் வடக்குக் குடா, தண்ணீரில் சால்மன் கூண்டுகளின் வட்டங்கள். கீழே சால்மன் வளர்க்கும் கம்பெனியின் மீன் முத்திரை. அதற்கும் கீழே பெரிய எழுத்தில்: ‘நல்ல அயலார் திட்டம். உபெர்லிந்தா மீண்டும் நடக்கிறார்.’

“இன்னும் ஆபரேஷனே ஆகல,” என்றாள் எர்சிரா.

நிபால்தோ மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். கினாவோ தீவின் சுகாதார நிலையம் என்றால் அவன் ஒருவன்தான். டாக்டர் மாதம் ஒருமுறை படகில் வருவார், கடல் விட்டால்.

“படம் முன்னாடி வந்துடுச்சு அக்கா. அவங்க வேலை எல்லாம் வேகம்தான்.”

“பல்லு எப்ப கட்டினா?”

“அது கம்ப்யூட்டர்ல கட்டின பல்லு.”

எர்சிரா சிரிக்கவில்லை.

“நான் வரிசையில நின்னு எத்தனை நாளாச்சு?”

“நாலு வருஷம் மூணு மாசம்.”

“அவ?”

“போன வாரமும் இதைத்தான் கேட்டீங்க.”

“இந்த வாரமும் கேக்கறேன்.”

“பதினோரு மாசம்.”

அறுபத்தைந்து தாண்டினால் அரசே கெடு வைத்து இடுப்பு மாற்றிவிடும். எர்சிராவுக்கு ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு வயது இடுப்புக்கு வரிசை மட்டும்தான் உண்டு. இந்த வருடம் கம்பெனி பன்னிரண்டு இடுப்புகள் தருவதாக அறிவித்திருந்தது. அதே அரசு ஆஸ்பத்திரி, அதே டாக்டர்கள், சனிக்கிழமைகளில் மட்டும். ஒரே நிபந்தனை, மீன் கூண்டு இருக்கும் குடாவைப் பார்த்த வீடாக இருக்க வேண்டும். உபெர்லிந்தாவின் வாசலில் நின்றால் எட்டு கூண்டுகள் தெரியும். எர்சிராவின் வீடு மேட்டின் தெற்குச் சரிவில் இருந்தது. அங்கிருந்து உருளைக்கிழங்கு வயலும் திறந்த கடலும்தான் தெரியும்.

“என் கூரை மேல ஏறி நின்னா எனக்கும் கூண்டு தெரியும்,” என்றாள்.

“ஏறிப் பாருங்க. ஏறிட்டீங்கன்னா ஆபரேஷன் எதுக்கு?”

“கோடைல அந்த மீன் நாத்தம் மேட்டைத் தாண்டி என் அடுப்பு வரைக்கும் வருதுடா. நாத்தத்துக்கு எல்லை போட்டிருக்கா கம்பெனி?”

“என்கிட்ட கேட்டா? நான் மாத்திரை குடுக்கறவன்.” பொட்டலத்தை நீட்டினான். “வெறும் வயித்துல போடாதீங்க.”

எழுந்திருக்கப் பெஞ்சைப் பிடித்தாள். படத்தில் உபெர்லிந்தா இரண்டு கால்களையும் சமமாக ஊன்றி நின்றிருந்தாள். அந்த நிற்பும் கம்ப்யூட்டரில் கட்டியதுதான்.

*

கடல் வற்றும் நாட்களில் பெண்கள் தெற்குக் கரையில் முடிப்பாசி எடுத்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் தேடி, முள்வாரியால் இழுத்து, கூடையில் போட வேண்டும். நனைந்த கூடை ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதைப் புல்மேட்டில் உலர்த்தினால் வாங்கும் படகு வரும். மழை வாரத்தில் எதுவும் உலராது. ஆனாலும் எடுத்தார்கள். கரையில் கிடந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

எர்சிரா இப்போதெல்லாம் இடது காலில் நின்று வலது காலால் தேடினாள். மற்றவர்கள் மூன்று கூடை எடுக்கும் நேரத்தில் அவளுக்கு ஒன்று.

“லிண்டா படம் பாத்தியா?” என்றாள் ஓர்ஃபெலினா, அடுத்த வீட்டுக்காரி. “ஆத்தாடி, என்ன சிரிப்பு. கல்யாணத்துக்குக்கூட அவ அப்படிச் சிரிக்கல.”

“கல்யாணத்துல அவ வாந்தி எடுத்துக்கிட்டிருந்தா. மூணு மாசம்.”

பெண்கள் சிரித்தார்கள். எர்சிராவுக்கு அது போதவில்லை.

“அதிர்ஷ்டக்காரிதான். புருஷனைக் குடுத்து இடுப்பு வாங்கிக்கிட்டா.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஓர்ஃபெலினா குனிந்து பாசியைக் கிளறினாள். செகுந்தோ கம்பெனியின் முக்குளிப்பவன். கூண்டின் கிழிந்த வலையைத் தைக்க இறங்கி, ஒன்பது வருடத்துக்கு முன் ஏப்ரல் மாதத்தில், மேலே வராமல் போனவன். எர்சிராவின் கணவன் ஒலேகாரியோவுக்கு ஒரே தம்பி. அவனைத் தொட்டிலில் ஆட்டியவர்கள்கூட அந்தத் தண்ணீரில் நின்றிருந்தார்கள்.

சொன்ன சொல் அலை திரும்பும் முன் வடக்குக் குடாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எர்சிராவுக்கு அது தெரியும். இன்னொரு முறை சொல்லவும் தயாராக இருந்தாள்.

*

கினாவோவில் செல்போன் சிக்னல் ஒரே இடத்தில் நிற்கும். எர்சிராவின் சமையலறை ஜன்னல் கட்டையில், இடது மூலையில். போனை அங்கே ஒரு காலி டின்னில் நிறுத்தி வைத்திருந்தாள். குடாப்பக்கம் சுத்தமாகக் கிடைக்காது. அதனால் குடாக்காரர்கள் பாதிப் பேர் எல்லாத் தாளிலும் எர்சிராவின் எண்ணைத்தான் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில், வங்கியில், ஆஸ்பத்திரியில். உபெர்லிந்தாவும்தான். ஆஸ்பத்திரி வரிசையில் ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே எண்.

பல வருடமாக அழைப்பு வந்தால் எர்சிரா மேட்டின் உச்சியில் நின்று கூவுவாள். “லிண்டாஆ! உன் மகன்!” கீழே புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒரு கை அசையும். உபெர்லிந்தா மூச்சு வாங்க ஏறி வருவாள். பேசி முடித்ததும் மாத்தே இலைத் தண்ணீர் ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சுவார்கள். இருவருக்கும் இடுப்பு கெட்டபின் கூவுவதும் குறைந்தது, ஏறுவதும் குறைந்தது. ஒலேகாரியோ போய்ச் சேதி சொல்லிவிட்டு வருவான்.

ஜூன் கடைசியில் வரும் சான் ஹுவான் திருநாளுக்கு முந்தைய வாரம் உபெர்லிந்தா பன்றி வெட்டினாள். குடாப்பக்கத்து ஆண்கள் கொழுப்பு உருக்கினார்கள். கம்பெனியிலிருந்து மக்கரேனா என்ற பெண் படகில் வந்து கொப்பரையையும் உபெர்லிந்தாவையும் சேர்த்துப் படம் எடுத்தாள். மதியம் ஒலேகாரியோ யோக்கோ தட்டோடு மேட்டில் ஏறி வந்தான். வறுத்த இறைச்சி, குடலில் இரத்தம் அடைத்து வேகவைத்த இரத்தக் குழல், கொழுப்பு மின்னும் உருளைக்கிழங்கு அடை. பன்றி வெட்டும் வீடு ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு தட்டு அனுப்பும். வாங்கிய வீடு தன் பன்றியை வெட்டும்போது அதே அளவு திருப்பும். எர்சிரா வீட்டில் இந்த வருடம் பன்றி இல்லை. தீவனம் சுமப்பது அவள் வேலை, இப்போது முடியவில்லை.

“ரெண்டு பங்கு வச்சிருக்கா உனக்கு,” என்றான் ஒலேகாரியோ. “அக்காவுக்கு இரத்தக் குழல் புடிக்கும்னு.”

“திருப்பிக் குடுக்க முடியாதவளுக்கு ரெண்டு பங்கா?”

“தின்னேன். சூடா இருக்கு.”

“நீ தின்னு. நீ அங்கேயே தின்னுட்டுத்தான் வந்திருப்ப. வாயெல்லாம் கொழுப்பு.”

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனான்.

போன் அடித்தது.

“உபெர்லிந்தா சிகுவாய் இருக்காங்களா?” இளம் குரல். “ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம். ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைக்குத் தேதி குடுக்கணும்.”

“அவ இல்லை.”

“நீங்க யாரு?”

தட்டு மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“பக்கத்து வீடு. அவ தெற்கே போயிட்டா. புந்தா அரெனாஸ். மகன் வீட்டுக்கு.”

“எப்ப வருவாங்க?”

“யாருக்குத் தெரியும். அங்கேயே இருந்துடுவான்னு பேச்சு.”

“சரிங்க. குறிச்சுக்கறேன்.”

போனை டின்னில் திரும்ப நிறுத்தினாள்.

“யாரு?” ஒலேகாரியோ வாசலிலிருந்து கேட்டான்.

“தப்பான நம்பர்.”

பிறகு உட்கார்ந்து தட்டிலிருந்த இரத்தக் குழல் முழுவதையும் தின்றாள். நன்றாக இருந்தது. உபெர்லிந்தாவின் கைப்பக்குவம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு எரிச்சல்.

அடுத்த வாரம் அதே எண் அடித்தது. அவள் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும். நூற்ற கம்பளி உருண்டையைப் போன் மேல் வைத்து, அது தாடை வலித்தவன் போல உள்ளே முனகி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. அன்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை மாவாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன்பின் அழைப்பு வரவில்லை.

*

ஜூலையில் கடல் ஒரு நாள் படுத்தது. டாக்டர் படகு வந்தது. எர்சிரா முறை வந்தபோது டாக்டர் கம்ப்யூட்டர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நிபால்தோவைக் கூப்பிட்டார். நிபால்தோ படித்துவிட்டு அவளை வெளியே அழைத்துப்போனான்.

“அக்கா, உங்க போன் ரிப்பேரா?”

“ஏன்?”

“ஆஸ்பத்திரி உங்களை மூணு தடவை கூப்பிட்டிருக்கு. எடுக்கல. வரிசையிலருந்து பேரை எடுத்துட்டாங்க.”

“என்னையா? லிண்டாவைத்தானே கூப்பிட்டாங்க?”

“அவங்களை ஒரு தடவை கூப்பிட்டாங்க. மத்த மூணும் உங்களுக்கு. இருபத்தஞ்சு, இருபத்தேழு, வெள்ளிக்கிழமை காலைல.”

“எனக்கு எதுக்கு?”

“வருஷா வருஷம் சரிபாப்பாங்க அக்கா. ஆள் இருக்காங்களா, இன்னும் வலிக்குதான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

எர்சிரா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் உபெர்லிந்தா.

“இப்ப சொல்றேன். ஆமா. எழுதிக்கோ. வலிக்குது.”

“புதுசா எழுதிட்டாரு டாக்டர். இன்னிக்குத் தேதிலருந்து.”

“நாலு வருஷம்?”

“அது கணக்குல வராது அக்கா.”

“லிண்டா பேரும் போயிடுச்சா?” அவள் குரல் அவளுக்கே கேட்டது. அதில் இருந்த ஆசையும் கேட்டது.

“போச்சு. வெளியூர் போயிட்டாங்கன்னு எடுத்துட்டாங்க. கம்பெனிப் பொண்ணு மறுநாளே கண்டுபிடிச்சிட்டா. அந்த வாரம்தானே பன்றி வெட்டறப்ப படம் எடுத்தா. நேர்ல போய்ச் சண்டை போட்டுத் திரும்பச் சேத்துட்டா. வர்ற சனிக்கு அடுத்த சனி ஆபரேஷன்.”

“எனக்காகச் சண்டை போட யாரு இருக்கா?”

“நான் ரெண்டு கடிதம் எழுதியிருக்கேன் அக்கா.”

“கடிதம்,” என்றாள் எர்சிரா.

ஏற்றம் முழுக்க நின்று நின்று போனாள். நிற்கும் இடமெல்லாம் குடா தெரிந்தது. பாதையில் நின்றால் கூண்டு தெரிகிறது. பாதையில் யாரும் குடியிருக்க முடியாது.

*

மூன்று நாள் கழித்து மக்கரேனா வந்தாள். சிவப்பு மழைக்கோட்டு, கையில் பிளாஸ்டிக் உறையிட்ட தாள்கள். பின்னால், இரண்டு ஊன்றுகோல்களோடு, மழையில் நனைந்த உபெர்லிந்தா. ஒரு வருடத்துக்குப்பின் முதல் முறையாக மேடு ஏறியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

ஒலேகாரியோ அவளை அடுப்போரம் உட்கார வைத்தான். எர்சிரா நின்றபடியே தண்ணீர் வைத்தாள்.

“நல்ல சேதிதான்,” என்றாள் மக்கரேனா. “ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் யாராவது ஒருத்தர் கூடவே இருக்கணும். அந்தக் கையெழுத்து இல்லாம ஆஸ்பத்திரி சேத்துக்காது. லிண்டா அம்மா உங்க பேரைக் குடுத்திருக்காங்க.”

“என் பேரை?”

“என் பசங்க ரெண்டு பேரும் தெற்கே,” என்றாள் உபெர்லிந்தா. “செகுந்தோவோட அண்ணன் பொண்டாட்டியை விட்டா வேற யாரு?”

“ஒரு சின்ன விஷயம் கேக்கணும்.” மக்கரேனா தாளைப் புரட்டினாள். “ஆஸ்பத்திரிக் குறிப்புல, இந்த நம்பர்ல ஒரு பொம்பளை எடுத்து, லிண்டா அம்மா ஊரைவிட்டே போயிட்டதாச் சொன்னாங்கன்னு இருக்கு. யாரு அது?”

ஒலேகாரியோ மனைவியைப் பார்த்தான். அடுப்பில் ஈர விறகு சீறியது.

“நான்தான் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்,” என்றாள் உபெர்லிந்தா. “அக்கா நம்பிட்டா. அவளுக்கு யார் எது சொன்னாலும் நம்பிக்கை.”

மக்கரேனா தலையாட்டி எழுதிக்கொண்டாள். பிறகு ஒலேகாரியோவை அழைத்துக்கொண்டு வயல் விளிம்புக்குப் போனாள். அங்கிருந்து படம் நன்றாக வரும் என்றாள்.

கதவு மூடியது.

“ஏன் பொய் சொன்ன?” என்றாள் எர்சிரா.

“நீ சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?”

“மன்னிச்சுட்டேன்னு காட்டறியா?”

“மன்னிப்பா?” உபெர்லிந்தா ஈரச் சால்வையை உதறினாள். “எனக்குக் கையெழுத்து வேணும். அதுக்கப்புறம் உன்னை என்ன பண்றதுன்னு யோசிக்கறேன்.”

எர்சிரா மாத்தேயை ஊற்றி நீட்டினாள். உபெர்லிந்தா வாங்கவில்லை.

“கரையில நீ சொன்னதும் வந்துச்சு. புருஷனைக் குடுத்து இடுப்பு வாங்கிக்கிட்டேன்னு.”

“சொன்னேன்.”

“அவன் போனப்ப அவங்க எனக்குத் தகரக் கூரை போட்டாங்க. அப்பவும் நீ வந்து அண்ணாந்து பாத்துட்டு, என் கூரை ஒழுகுதுன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா? அவன் போன எட்டாம் நாள்.”

“ஒழுகிச்சு.”

“ஒழுகட்டும்டீ. கீழே உன் புருஷன் இருந்தான்ல, சட்டியை நகத்தி நகத்தி வைக்க.”

மாத்தே எர்சிராவின் கையில் ஆறியது.

“என் பேரை வரிசையிலருந்து எடுத்துட்டாங்க,” என்றாள் கடைசியில்.

“நிபால்தோ சொன்னான். சிரிச்சேன்.”

“சிரிச்சியா?”

“ஒரு நாள் பூரா. தனியா உக்காந்து. ஓர்ஃபெலினா வந்து பைத்தியமான்னு கேட்டா.” உபெர்லிந்தாவின் வாய்க்கோடி இப்போதும் துடித்தது. “உன்னைக் கூப்பிட்டதை நீயே எடுக்கல. கம்பளியைப் போட்டு மூடினியாமே? அண்ணன் சொன்னாரு.”

“அவன் வாயில கொள்ளி வைக்க.”

“நானா இருந்தா போனைக் கடல்ல போட்டிருப்பேன். உனக்கு அது வராது. கஞ்சம்.”

மக்கரேனா திரும்பி வந்தாள். உபெர்லிந்தா அவளை விடவில்லை.

“பொண்ணே, இவ ஆறு வாரம் என் வீட்டுலதான் இருக்கப் போறா. என் வீட்டுல கூண்டு தெரியும். இவளையும் எழுதிக்கோ.”

“அப்படி முடியாதும்மா. போன டிசம்பருக்கு முன்னாடி குடாவுல குடியிருந்ததாப் பதிவு இருக்கணும்.”

“அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் திட்டம் மாறுது.” மக்கரேனா மனதாரச் சிரித்தாள். “பல் சிகிச்சை. ரொம்பப் பேருக்குப் போய்ச் சேரும்.”

“இடுப்பு இல்லாதவளுக்குப் பல்லு,” என்றாள் எர்சிரா. “கடிச்சுக்கிட்டே ஊர்ந்து போறதுக்கா?”

மக்கரேனா கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

எர்சிரா பேனாவை வாங்கினாள். போடாவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஒரே வார்த்தை. இந்த முறை பொய்கூடச் சொல்ல வேண்டாம். எனக்கே முடியவில்லை என்று சொன்னால் போதும், அது உண்மை. உபெர்லிந்தா அவளைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தாள் எர்சிரா. பிறகு கையெழுத்துப் போட்டாள், மெதுவாக, முழுப் பேரையும்.

*

ஆகஸ்டில் உபெர்லிந்தாவைக் கம்பெனிப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். நடைச்சட்டம், கழிப்பறைக்கு உயரமான இருக்கை, ஒரு பக்கம் முழுக்க அறிவுரைகள். குனியக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. தாழ்வான நாற்காலி கூடாது.

எர்சிரா துணிமூட்டையோடு குடாவுக்கு வந்தாள். காலையில் விறகு வைத்தாள். கஞ்சி, கோழிச்சாறு, உருளைக்கிழங்கு அடை. ஆட்டுக்குத் தழை போட்டாள். ஒலேகாரியோ தண்ணீர் சுமந்து கொடுத்துவிட்டு மேட்டுக்குப் போய்விடுவான். மாலையில் தன் வீட்டுப் புகைபோக்கியில் புகை தாமதமாக எழுவதைப் பார்த்து, அவனுக்கு அடுப்பு மூட்டத் தெரியவில்லை என்று திட்டுவாள்.

ரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான காலுறை கொடுத்திருந்தார்கள். தினமும் கழற்றிக் கால் கழுவி மாட்ட வேண்டும். குனியக் கூடாத ஒருத்திக்குக் குனிய முடியாத இன்னொருத்தி மாட்டினாள். எர்சிரா தரையில் ஒரு பலகையைப் போட்டு, சுவரைப் பிடித்துச் சரிந்து உட்காருவாள். எழுந்திருக்க அதே அளவு நேரம் ஆகும். உபெர்லிந்தா மேலிருந்து பார்ப்பாள்.

“மெதுவா. நகம் கீறுது.”

“கீறட்டும்.”

தையலைப் பார்த்தாள். ஒரு சாண் நீளம். சுருக்கமில்லாமல், நேராக.

“நல்லாத் தைச்சிருக்கான்,” என்றாள் எர்சிரா.

“கையுறை பின்னற மாதிரி இருக்குல்ல?”

“எனக்கு வந்தா வேற எவனாவது தைப்பான். கோணலா.”

“கோணலா இருந்தாலும் யாரு பாக்கப் போறா?”

“நீ பாப்ப. நீதானே மாட்டி விடணும்.”

“அதுக்குள்ள எனக்கு எழுபது ஆயிடும்,” என்றாள் உபெர்லிந்தா. இருவரும் சிரித்தார்கள். எர்சிரா முதலில் நிறுத்தினாள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, மழை இல்லை. உபெர்லிந்தா நடைச்சட்டத்தை மேசையோரம் விட்டுவிட்டுக் கதவு வரை நடக்கப் போகிறேன் என்றாள். எர்சிரா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“நிபால்தோ வரட்டும்.”

“அவன் வந்தா கையைப் புடிப்பான். எனக்குப் புடிக்காம நடக்கணும்.”

முதல் அடி வைத்தாள். இரண்டாவது. எர்சிரா கத்தியைக் கீழே வைத்தாள். அந்த நடையில் நொண்டல் இல்லை. இடுப்பு இடுப்பாக நகர்ந்தது, இருபது வயதில் செகுந்தோவோடு மாதா கோவில் வாசலில் நடந்தபோது நகர்ந்தது போல. எர்சிரா எழுந்து நின்றாள். வலது காலில் வலி குத்தி ஏறியது. பக்கத்தில் போய் நின்றாள்.

மூன்றாவது அடியில் உபெர்லிந்தா லேசாக ஆடினாள்.

விழட்டும் என்று நினைத்தாள் எர்சிரா. ஒரு முறை, தெளிவாக. நினைத்து முடிக்கும்போது அவள் கை உபெர்லிந்தாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது, தொடாமல், ஒரு விரல் தள்ளி. உபெர்லிந்தா கதவைத் தொடும் வரை அது அங்கேயே இருந்தது.